கொள்ளுத் தாத்தாவின் பி.ஏ.வைத் தேடிப் போன கதை

எங்கள் கொள்ளுத் தாத்தா கும்பகோணம் காலேஜில் பி.ஏ. படித்தார், உ.வே.சாமிநாதையரிடம் தமிழ்ப் பாடம் கேட்டார் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். போன வருடம் அத்தை வீட்டுப் பரணிலிருந்த டிரங்குப் பெட்டியில் அவருடைய நோட்டு ஒன்று கிடைத்தது. இதை எப்படியாவது உறுதி செய்துவிட வேண்டும் என்று இறங்கினேன். நான்கு மாதம் ஆனது.

சென்னையில் ஒரு பழைய நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து வெறுங்கையோடு திரும்பினேன். அப்புறம்தான் நண்பர் ஒருவர் வழி சொன்னார். அந்தக் காலத்தில் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். அது ‘காலண்டர்’ என்று தடித்த புத்தகம் போடும். பட்டதாரிகளின் பெயரும் கல்லூரியும் அதில் இருக்கும். பழைய காலண்டர்கள் சில இணையத்திலேயே கிடைக்கின்றன.

சரி, பெயரைத் தட்டினால் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. அவர் பெயரில் வரும் ‘சாமி’ என்பதற்கே ஆங்கிலத்தில் மூன்று நான்கு எழுத்துக்கூட்டல், ஸ்கேனோ மங்கல். தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பெயரை விட்டுவிட்டுக் கல்லூரியைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போங்கள். அப்படித்தான் ஒரு நள்ளிரவில் அவர் அகப்பட்டார். பி.ஏ., கும்பகோணம், 1888. மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

அந்தக் காலேஜ் காவிரிக் கரையில் 1854-ல் பள்ளிக்கூடமாகத் தொடங்கி, 1867-ல் கல்லூரியானது. போர்ட்டர், கோபால ராவ் போன்ற ஆசிரியர்களால் ‘தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ்’ என்று பெயரெடுத்தது. அங்கே தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றதும் 1880-ல் ஐயர் தமிழாசிரியராக வந்தார். சம்பளம் 50 ரூபாய். அவருடைய சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது 1887-ல். அதாவது, அந்தப் பெரிய வேலை நடந்துகொண்டிருந்த வருடங்களில் எங்கள் தாத்தா அங்கே மாணவர்! தமிழ் எடுத்தாரா, சமஸ்கிருதமா என்பதுதான் சந்தேகம். அதை நோட்டே தீர்த்தது. நடுப் பக்கம் ஒன்றில், பழுப்பேறிய மையில், ஒரு வெண்பாவைச் சீர் சீராகப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் தேமா, புளிமா என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார். ஓரிடத்தில் கருவிளம் என்று போட்டு அடித்துக் கூவிளம் ஆக்கியிருக்கிறார்.

கடைசிப் பக்கங்களில் இருந்தது எனக்கு அதைவிடப் பெரிது. வாரச் சாப்பாட்டுக் கணக்கு. ஏழைப் பிள்ளைகள் ஊரில் ஏழு வீடு பிடித்து, ஒரு நாளைக்கு ஒரு வீடாகச் சாப்பிட்டுப் படித்த காலம் அது. ஞாயிறு மடத்துத் தெரு, கோடி வீடு. திங்கள் வக்கீல் வீடு. இப்படிக் கிழமை வாரியாக எழுதி வைத்திருக்கிறார்.

இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. முதலாவதன் மேல் 1883. பி.ஏ.வுக்கு முந்தைய படிப்பான எஃப்.ஏ. இரண்டு வருடம், பி.ஏ. இரண்டு வருடம் என்று கணக்குப் போட்டால் 1887-லேயே முடித்திருக்க வேண்டும். எங்கோ ஒரு வருடம் தவறியிருக்கிறது. வீட்டில் யாரும் இதைச் சொன்னதில்லை; அத்தைக்கும் தெரியாது.

இரண்டாவது பட்டியலின் மேல் 1887 என்று இருக்கிறது. அதில் ஆறு வீடுகள்தான். வியாழக்கிழமைக்கு நேரே ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறார்.