வெள்ளச்சி ஏன் கத்துகிறாள்

ராத்திரி 3 மணி. வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில் நின்று எங்கள் பூனை வெள்ளச்சி மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

காரைக்குடி வீடுகளில் வளவில் ஒரு பூனை கத்தினால் முகப்பு வரை எதிரொலிக்கும்.

"கொஞ்சம் பாலை ஊத்திட்டுப் படுப்பா" என்றார் அப்பத்தா. ஒரு வாரமாக அதைத்தான் செய்தேன். கத்தினால் பால் வரும் என்று நானே பழக்கிவிட்டேன் போல என்று நினைத்தேன். (வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே செரிக்காது, அது வேறு.)

இன்று எழுந்து போனேன். கிண்ணத்தில் பால் அப்படியே இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்து தூணைப் பார்த்துக் கத்துகிறாள். பின்னால் நின்று கை தட்டினேன்.

காது மடல்கூட அசையவில்லை.

13 வயது. காது போயிருக்கலாம். தைராய்டு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் என்றாலும் கிழப்பூனைகள் இப்படிக் கத்தும். காலையில் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறேன்.

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் சொல்வது அபூர்வம். குட்டியில் தாயிடம் சொன்னதை, பெரிதானபின் நம்மிடம் சொல்கின்றன.

இத்தனை பெரிய வீட்டில் இருப்பது நானும் அப்பத்தாவும்தான்.

வளவு விளக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்தாள். கத்தலை நிறுத்திவிட்டு, மடியில் ஏறினாள்.