திரையில் வறுமை தெரிகிறது, கடன் தெரிவதில்லை

நம் படங்களில் கிராமத்து வறுமை பெரும்பாலும் வானத்திலிருந்துதான் இறங்குகிறது. வெடித்துக் கிடக்கும் கண்மாய், விலா தெரியும் மாடு, சுருக்கம் விழுந்த கிழவியின் முகம், எல்லாவற்றின் மீதும் ஒரு மஞ்சள் பூச்சு. இவை வந்துவிட்டால் இந்தக் குடும்பம் ஏழைக் குடும்பம் என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். மழை பொய்த்தது, அதனால் பசி. அல்லது அப்பன் குடிக்கிறான், அதனால் பசி. அந்தக் குடும்பத்துக்கு எத்தனை சென்ட் நிலம் இருந்தது, அது எப்போது யார் கைக்குப் போனது, நாள் கூலி எவ்வளவு, அதை எண்ணிக் கொடுப்பவர் யார், கடன் யாரிடம், என்ன வட்டிக்கு என்பதற்கெல்லாம் இரண்டரை மணி நேரத்தில் ஒரு வரி பதில்கூடக் கிடைப்பதில்லை. மழைதான் காரணம் என்று ஆகிவிட்டால் அந்த வறுமையில் வேறு யாருக்கும் பங்கில்லை என்றும் ஆகிவிடுகிறது. சென்னையில் குளிரூட்டிய அரங்கில் அமர்ந்து பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல்; அந்த ஆறுதல்தான் எனக்கு உறுத்துகிறது.

1977-ல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ வந்தபோது, கோடம்பாக்கத்து ஸ்டுடியோக்களுக்குள் தட்டி கட்டி, வைக்கோல் பரப்பி எழுப்பப்பட்ட கிராமம் பழங்கதையாகத் தொடங்கியது. மண்ணும் வெயிலும் பேச்சும் திரைக்கு வந்தன. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பின் வந்த கிராமத்துப் படங்களில் பெரும்பாலானவற்றில் ஊர் என்பது கோயிலும் ஆலமரமும் டீக்கடையுமாக ஒரே ஊராகத்தான் இருந்தது. அந்த ஊருக்கு வெளியே, பொதுக் கிணற்றில் உரிமையில்லாத இன்னொரு குடியிருப்பு இருந்தது கண்ணுக்குப் படவேயில்லை. ‘சின்ன கவுண்டர்’ (1992), ‘எஜமான்’ (1993), ‘நாட்டாமை’ (1994) ஆகிய படங்களின் காலத்தில் ஊர்ப் பெரியவரே நாயகனாகிவிட்டார். ஏழைகள் அவரை வாழ்த்தி நிற்கும் கூட்டமானார்கள். அவர் கொடுப்பதெல்லாம் தர்மமாகக் காட்டப்பட்டதே தவிர, அவர் வயலில் உழைத்தவர்களுக்குச் சேர வேண்டிய கூலி என்ற பேச்சு எழவில்லை. இதே தமிழ்நாட்டில், 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்டார்கள்.

விதிவிலக்குகள் உண்டு. கோமல் சுவாமிநாதனின் நாடகத்திலிருந்து கே. பாலசந்தர் எடுத்த ‘தண்ணீர் தண்ணீர்’ (1981) வறட்சியைப் பற்றிய படம்தான். ஆனால் அதில் வானத்தைவிட அலுவலகங்களே அதிகம் குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றன. அத்திப்பட்டி மக்கள் தேர்தலைப் புறக்கணிக்கிறார்கள், தாங்களே மண்வெட்டி எடுத்துக் கால்வாய் வெட்டப் போகிறார்கள், அரசு வந்து அதைத் தடுக்கிறது. தண்ணீர் இல்லாமைக்கு அங்கே ஒரு முகவரி இருக்கிறது.

லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யை (2018) நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் இதனால்தான். ரங்கசாமி தேனி மாவட்ட மலையடிவாரத்துச் சுமைக்கூலி. ஏலக்காய் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்குகிறவன். சொந்தமாக ஒரு துண்டு நிலம் என்பது மட்டுமே அவன் ஆசை. அந்த நிலம் கிடைப்பதும் கைநழுவுவதும் விதியின் விளையாட்டாக நமக்குச் சொல்லப்படவில்லை. விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் ஏறி ஏறி நிலத்தையே விழுங்குவது படிப்படியாகக் காட்டப்படுகிறது. கடைசியில் காற்றாலைகள் நடப்பட்ட அதே நிலத்தில் அவன் சீருடை போட்ட காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். நம் அடுக்குமாடிகளின் வாசலில் இரவெல்லாம் விழித்திருப்பவர்களில் எத்தனை பேர் இப்படி ஒரு கணக்கில் தோற்று வந்தவர்களோ என்ற கேள்வி அந்தப் படத்துக்குப் பிறகு என்னை விட்டுப் போகவில்லை.

என் அம்மா வந்தவாசிப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வளர்ந்தவர். கிராமத்துப் படம் ஓடும்போது, எல்லோரும் கண் கலங்கும் இடத்தில் அவர் கேட்பது ஒன்றுதான்: “இவங்க யாருகிட்ட முன்பணம் வாங்கியிருக்காங்க? அத மட்டும் சொல்லவே மாட்டேங்கறாங்களே.” திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களின் செங்கல் சூளைகளில் முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்தவர்களை அறிந்தவருக்கு அதுதான் முதல் கேள்வியாக இருக்க முடியும். அவர் கேட்பது சாதியைப் பற்றிய கேள்வியும்தான். யாரிடம் நிலம் இருந்தது, யாருக்கு இல்லாமல் செய்யப்பட்டது என்பது இங்கே பிறப்பை ஒட்டியே நடந்திருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையையொட்டி ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் கைமாறிப் போன வரலாறு, ‘அசுரன்’ (2019) வந்த பிறகுதான் வெகுஜன அரங்குகளில் பேச்சானது.

இதையெல்லாம் சொல்லும்போது, வறுமையைப் படமெடுப்பதே நாட்டை இழிவுபடுத்துவது என்ற பழைய வாதமும் கூடவே வரும். இந்தி நடிகையும் மாநிலங்களவை உறுப்பினருமாக இருந்த நர்கிஸ் 1980-ல் வங்க இயக்குநர் சத்யஜித் ராய் மீது இதே குற்றச்சாட்டை வைத்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. வறுமையைக் காட்டுவதில் இழிவில்லை. காரணத்தை மறைத்துவிட்டு அதை அழகாக ஒளிப்பதிவு செய்வதில்தான் இழிவு இருக்கிறது. பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ (2021) எதையும் விளக்குவதில்லை; ஆனால் ஊற்றுக்குழியில் சுரக்கும் நீருக்காகப் பெண்கள் குடத்தோடு காத்திருந்து முகந்துகொள்ளும் நேரத்தை அது வெட்டிக் குறைக்காமல் நமக்கும் தருகிறது. அந்தப் பொறுமையில் மரியாதை இருக்கிறது.

இன்னொன்று, வறுமையின் உருவம் மாறிவிட்டதைப் பல இயக்குநர்கள் கவனிக்கவில்லை. 1982-ல் சத்துணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது; 2011 முதல் அரிசி அட்டைக்கு ரேஷனில் விலையில்லா அரிசி; நூறு நாள் வேலையும் வந்துவிட்டது. இன்றைய தமிழ்க் கிராமத்தை வெறும் சோற்றுப்பானையால் மட்டும் காட்டிவிட முடியாது. அடுப்பு எரிகிறது, ஆனால் வீட்டில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று வாங்கும் குழு லோன் இருக்கிறது; பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒன்று, தனியார் மருத்துவமனைச் செலவுக்கு இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது. தவணை நாளன்று வசூலுக்கு வருபவர் வாசலில் உட்கார்ந்துவிட்டால், ஒருத்தியிடம் பணம் இல்லாதபோது குழுவிலுள்ள மற்றவர்கள்தான் அவளுக்காகப் போட்டுக் கட்ட வேண்டும். கட்ட முடியாதவளை முதலில் ஏசுவது பக்கத்து வீட்டுத் தோழியாக இருப்பாள், ஏனென்றால் அவள் தவணையும் அன்றைக்கேதான். நான் பார்த்தவரை, இந்த வாசலை முழு நீளப் படமாக யாரும் இன்னும் எடுக்கவில்லை.