சேலத்தில் பார்த்த செருப்பு ஓவியமும் ஏற்காட்டு முத்திரைகளும்

சேலத்திலிருந்து நேற்றிரவுதான் திரும்பினேன். பயணத்தை வரிசையாக எழுதித் தருவதாகத் தோழிகளிடம் சொல்லியிருந்தேன். ஆனால் நான்கு ரோடு அருகே ஒரு மாடிக் கூடத்தில் பார்த்த ஓவியங்களைப் பற்றி எழுதாமல் வேறெதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அங்கே போய்ச் சேர்வதற்குள் பட்ட எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். ஜங்ஷனில் நகரப் பேருந்துக்குக் காத்திருந்தால் எனக்கு ஒரு ரூபாயும் செலவாகியிருக்காது. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தூறலைப் பார்த்து ஆட்டோவில் ஏறினேன். ஏறும்போது 150 ரூபாய் என்று பேசிய ஓட்டுநர், இறங்கும்போது சுற்றி வந்ததாகச் சொல்லி 300 கேட்டார். பேசிய தொகையை வெளியூர்க்காரரிடம் மாற்றுவது வழிப்பறிதான். இரண்டு நாளுக்கு 2,000 ரூபாய் என்று எண்ணி எடுத்துச் சென்றவளுக்கு அந்த இழப்பு கடைசிவரை உறுத்தியது.

கூடத்தில் ஆறு பேருடைய படங்கள் இருந்தன. வாடகையை அவர்களே பங்கிட்டுக் கொடுத்திருந்தார்கள். முதல் சுவரிலேயே நான் நின்றுவிட்டேன். ஆறடி அகலத் துணியில் ஒரு தெரு. அதில் நடப்பவர்களின் உடல் இடுப்பிலிருந்து பாதம் வரை மட்டுமே வரையப்பட்டிருக்கிறது, முகங்கள் இல்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஜோடி செருப்பு. தெருவின் வெண்மைக்குச் சேலத்து வெள்ளைக்கல்லைப் பொடித்துப் பசையில் குழைத்துப் பூசியிருந்தார். பாதங்கள் படும் இடங்களில் மட்டும் துணியை இஸ்திரிப் பெட்டியால் கருக்கியிருந்தார். வரைந்தவர் முன்பு கடைகளுக்கு விளம்பரப் பலகை எழுதியவர். ஃபிளெக்ஸ் வந்தபின் அந்த வேலை போய், இப்போது வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறார்.

"எங்கப்பா ஊர்த்தெருவைத் தாண்டற வரைக்கும் செருப்பைக் கையிலதாம்மா எடுத்துட்டுப் போவாரு. சித்திரை வெயில்ல மண்ணு கொதிக்கும். அந்தச் சூட்டுக்கு எந்தக் கலரும் சரியா வரலை" என்றார். சாதி இந்துக்களின் தெருவில் தலித்துகள் செருப்பணிந்து நடக்கக் கூடாது என்ற கொடுமையைத்தான் சொன்னார். அந்தச் சூட்டைக் காட்டத்தான் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாராம். அந்தக் கருகலை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன், அவர் தடுக்கவில்லை.

அடுத்த சுவரில் ஒரு தூய்மைப் பணியாளரின் மகள் வரைந்த படம் இருந்தது. கொடியில் காயும் காக்கிச் சட்டை, அதன் மார்பில் 10,00,000 என்று எழுதி அடித்துவிட்டு, மேலே 30,00,000 என்று எழுதப்பட்டிருந்தது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. கழிவுநீர்க் குழிகளில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2023இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தீர்ப்பு வந்த வாரத்தில்தான் பழைய எண்ணை அடித்ததாகவும், எண் மாறியபின்னும் சட்டைக்குள் ஆள் இல்லை என்பதைத்தான் வரைந்திருப்பதாகவும் அந்தப் பெண் சொன்னார். மதுரையைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் பழனிக்குமார் இந்தத் தொழிலாளர்களையும் அவர்களை இழந்த குடும்பங்களையும் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்துவருகிறார். அப்படங்களைப் பார்த்துத்தான் தம் வீட்டுக் கதையையும் வரையலாம் என்ற துணிவு வந்ததாம்.

சென்னையில் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் தலித் வரலாற்று மாதமான ஏப்ரலில் நடத்தும் வானம் கலைத் திருவிழா போன்ற மேடைகள் மிகவும் தேவை. ஆனால் அவமானம் நடந்த தெருவிலிருந்து நடந்தே வந்து பார்க்கும் தூரத்தில் இப்படங்கள் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது இந்தச் சேலத்தில்தான். அந்த ஊரில் இவர்கள் வாடகைக்குக் கூடம் தேடி அலைய நேர்ந்தது எனக்குக் கோபத்தையே தந்தது.

இரவு உணவு ஒரு தள்ளுவண்டியில் இரண்டு தட்டுவடை செட். காரச் சட்னியும் துருவிய பீட்ரூட்டும் சேர்ந்த அந்தச் சுவைக்காகவே மறுபடியும் சேலம் போகலாம்.

மறுநாள் ஏற்காடு. உடைந்த இருக்கையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கம்பியைப் பிடித்தபடியே கடந்தேன். ஏரிக்குப் போகவில்லை. கூடத்தில் சந்தித்த மலையாளிப் பழங்குடிப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்லும் தமிழர்கள் இவர்கள், ஆனாலும் கல்லூரியில் "கேரளாவா?" என்ற கேலி ஓயவில்லையாம். சாதிச் சான்றிதழுக்காக அலைந்த நாள்களில் ஒவ்வொரு முறை திரும்பி வந்தபோதும், காப்பிக்கொட்டைச் சாக்கைக் கிழித்து அதன்மேல் ஒரு வட்ட முத்திரை வரைந்திருக்கிறார். மொத்தம் 17 சாக்குத் துண்டுகள். ஒவ்வொரு முத்திரையின் நடுவிலும் காப்பி பறிக்கும் அவர் அம்மாவின் கை. 1820களில் காக்பர்ன் என்ற ஆட்சியர் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த கதையை ஏற்காட்டைப் பற்றி எழுதும் எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தக் கைகளை நான் முதன்முறையாக இங்கேதான் பார்த்தேன்.

அடுத்த படத்தைச் சாலையைப் பார்த்த தம் வீட்டுச் சுவரிலேயே தீட்டப்போகிறாராம். பேருந்துக் கட்டணம் போகக் கையில் மிஞ்சிய 350 ரூபாயைப் பெயிண்ட்டுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். "அக்கா, சுவரு முடிஞ்சதும் கண்டிப்பா வரணும்" என்றார்.

நான்கு ரோட்டுக் கூடம் ஞாயிறு வரை திறந்திருக்கும். காலை 10 முதல் மாலை 6 மணி வரை, கட்டணம் இல்லை. ஜங்ஷனிலிருந்து நகரப் பேருந்திலேயே செல்லுங்கள்.