மண் வந்து, மழை வந்து

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் மண்சரிவு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவது என் வேலை. நாலு வருடமாகிறது. முதல் கூட்டம் பொகவந்தலாவைப் பக்கம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான ஒரு மடுவத்தில், வேலை முடிந்து கூடையை இறக்கிய கையோடு உட்கார்ந்திருந்த நாற்பது பேருக்கு முன்னால். மேலே தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் மைக்கைப் பிடித்து, "இப்ப வந்து, மழை வந்து, இருபத்திநாலு மணித்தியாலத்துல வந்து, நூத்தி ஐம்பது மில்லிமீட்டர் தாண்டினா, மலையில இருந்து மண் வந்து..." என்று அடுத்த வார்த்தையைத் தேடி இழுத்துக்கொண்டு நின்றேன். முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் சட்டென்று எழுந்து, "ஏன் புள்ள, மண்ணு வந்திருச்சா, இல்ல இனிமேதான் வரப்போவுதா?" என்று கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அவர் சிரிக்கவில்லை. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் (வரிசை வீடுகள்) மண்சரிவில் புதைந்த பிறகு, மலையகத்தில் 'மண் வந்து' என்பதை யாரும் வாய்ச்சொல்லாகக் கேட்பதில்லை. அந்த அம்மா சரியாகத்தான் கேட்டார். பேசினது நான்தான் சரியில்லை.

மேடைப் பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில், இந்த 'வந்து' மாதிரி அர்த்தமில்லாமல் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் சொற்களை எண்ணுவதற்கென்றே ஒருவரை உட்கார வைப்பார்கள். எனக்கு வாய்த்தவர் எங்கள் வேன் சாரதி அண்ணன். அடுத்த கூட்டத்தில் பின்னால் நின்றுகொண்டு, வேன் ஓட்டக் கணக்கு எழுதும் ரன்னிங் சார்ட்டின் பின்பக்கத்தில், கணக்கப்பிள்ளை கோடு போடுவது போல ஐந்தைந்தாகப் போட்டிருக்கிறார். இருபது நிமிடப் பேச்சில் 61 'வந்து'. "இது வந்து மட்டுந்தான் தங்கச்சி, 'அதாவது'வ நான் எண்ணல" என்றார்.

சரி, நிறுத்துவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசிப் பார்த்தேன். 'வந்து' குறைந்தது, 'அதாவது' இரண்டு மடங்கானது. வாயை அடக்கிப் பார்ப்பதெல்லாம் இதற்கு வைத்தியமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அப்புறம் ஒரு ராத்திரி, ஃபோனில் பதிந்திருந்த என் பேச்சைப் போட்டுக் கேட்டேன் (சொந்தக் குரலைக் கேட்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது). 'வந்து' கண்ட இடத்திலெல்லாம் விழவில்லை. எண்களுக்கு முன்னால் விழுந்தது, 'வடிகாலமைப்பு', 'வெளியேற்றம்' மாதிரியான சொற்களுக்கு முன்னால் விழுந்தது. என் குடும்பம் எந்தத் தோட்டம், எங்கள் லயத்துக்குப் பின்னால் என்ன விரிசல் என்று சொன்ன இடத்தில் ஒன்றுகூட இல்லை.

காரணம் யோசித்தால் வெட்கமாக இருந்தது. எங்களுக்குப் பயிற்சி சிங்களத்தில் நடந்தது, ஸ்லைடுகள் ஆங்கிலத்தில். நான் மடுவத்தில் நின்றுகொண்டு அதை மனதுக்குள் தமிழாக்கி, அந்தத் தமிழும் பாடப்புத்தகத் தமிழாக, அது கிடைக்கும்வரை 'வந்து' போட்டு நேரம் வாங்கிக்கொண்டிருந்தேன். 'வடிகாலமைப்பு' என்று நான் தடுமாறின பொருளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சின்ன வயதிலிருந்து சொல்லும் சொல் 'கான்'. கானை அடைக்காதீங்க. அவ்வளவுதான். இதில் 'வந்து' நுழைய எங்கே இடம்?

தமிழ் வாக்கியமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வினை கடைசியில்தான் வரும், அதுவரை எழுபத்தைந்து, நூறு, நூற்றைம்பது என்ற மழை அளவுகளையெல்லாம் கையில் ஏந்திக்கொண்டு நடக்க வேண்டும், எங்கேயாவது கால் இடறும். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை 'வந்து' போடுவதைக் கேட்டதுண்டா? "பதினாலு. சாக்குக்கு ஒண்ணு. பதிமூணு." அந்த ஒரு கிலோ கழிவைப் பற்றி நமக்கு ஆயிரம் கோபம் இருக்கலாம், ஆனால் ஆள் பேசுவதில் குழப்பமே இல்லை. நானும் அப்படி வெட்டினேன்.

மண்சரிவு எச்சரிக்கை விடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 தாண்டினாலோ ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். இதை நான் தகரப் பேணி (டின்) ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். பக்கம் நேராக உள்ள பேணி, வெட்ட வெளியில் வைக்கணும். "மூணு இஞ்சி தண்ணி. கவனமா இருங்க. நாலு இஞ்சி. சாமான கட்டி வைங்க, ராத்திரி ஒரு ஆள் முழிச்சிருங்க. ஆறு இஞ்சி. கிளம்புங்க." ஒவ்வொன்றுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். முதல் தடவை அந்த மௌனம் ஒரு யுகம் மாதிரி இருந்தது, பதிவில் கேட்டால் இரண்டு விநாடிகூட இல்லை. அந்த இடைவெளியில்தான் ஒரு தாத்தா, "ராத்திரி தண்ணிய யாரு அளக்கிறது?" என்று கேட்டார். 'வந்து' போட்டு நிரப்பியிருந்தால் அந்தக் கேள்வி வந்தே இருக்காது. அன்றே ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு ஆளைப் போட்டோம்.

இதற்காக எல்லாரும் சாதாரணப் பேச்சில் 'வந்து'வைத் துரத்த வேண்டாம். ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் எழுதிய கட்டுரையில், ஆங்கிலத்து 'அ', 'அம்' எல்லாம் சும்மா வருவதில்லை, 'கொஞ்சம் பொறு, இன்னும் சொல்ல இருக்கு' என்று கேட்பவருக்குத் தரும் சைகை என்கிறார்கள். அம்மா ஃபோனில் "வந்தும்மா..." என்று ஆரம்பித்தால் காசு விஷயம் என்று எனக்கு உடனே தெரியும். அதைப் போய் ஏன் திருத்த வேண்டும்?

போன மாதம் மஸ்கெலியாப் பக்கம் கூட்டம். திரும்பி வரும்போது சாரதி அண்ணன் சார்ட்டை நீட்டினார். ஏழு கோடு, அதில் ஒன்று அடித்திருந்தது. ஏன் என்று கேட்டேன். "ராத்திரியில மண்ணு வந்து கதவ அடைச்சிட்டா வெளிய வர ஏலாதுன்னு சொன்னீங்கதானே," என்றார், கியரை மாற்றிக்கொண்டே. "அது நெசமாவே வர்ற வந்து."