ரீசெட் பட்டனை அழுத்துவதற்கு முன்

பல வருடம் ஒழுங்காக ஓடிய ஸ்மார்ட் ஹோம் சேட்டை பண்ண ஆரம்பித்தால் எல்லோர் கையும் முதலில் போவது ரீசெட் பட்டனுக்குத்தான். தயவுசெய்து வேண்டாம். இருக்கிற கருவிகளை ஒவ்வொன்றாக மறுபடி இணைக்கிற வேலை வந்து சேரும். எது பழுது என்று காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய லாக் பதிவுகளும் போய்விடும். நேற்று வரை ஓடிய, யாரும் அப்டேட் செய்யாத மென்பொருள் இன்றைக்குத் தானாகக் கெடுவது அபூர்வம். முதலில் சந்தேகப்பட வேண்டியது கரன்ட் வரும் வழியை.

எல்லாக் கருவிகளையும் இயக்கும் மையப் பெட்டியான ஹப்பின் அடாப்டரிலிருந்து தொடங்கலாம். உள்ளே கெபாசிட்டர் காய்ந்துபோன அடாப்டரைச் சும்மா மல்டிமீட்டரில் பார்த்தால் 5.1 வோல்ட் என்று அழகாகக் காட்டும். ஹப்பை மாட்டி, வேலை கொடுத்து அளந்தால்தான் குட்டு உடையும். ஹப் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி என்றால் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது 'அண்டர்வோல்டேஜ்' என்று சிஸ்டம் லாக்கில் எழுதிவைக்கும். பை 3க்கு 2.5 ஆம்பியர், பை 4க்கு 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். மெல்லிய சார்ஜர் கேபிளிலேயே அரை வோல்ட் காணாமல் போவதுண்டு. அடாப்டரை மாற்றும்போது கேபிளையும் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது சுவர் ஸ்விட்சுக்குள் இருக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) மாட்யூல். விளக்கு பற்றிய உடனே அணைகிறது, ரிலே 'டிக் டிக்' என்று அடித்துக்கொள்கிறது, மாட்யூல் அடிக்கடி ஆஃப்லைன் ஆகிறது என்றால் ஆப்பில் தேடிப் பயனில்லை. மலிவான மாட்யூல்கள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. மெயின் லைனில் நேரடியாகப் போடுவதற்கென்றே உள்ள எக்ஸ்2 வகைக் கெபாசிட்டர் ஒன்றுதான் கரன்ட்டைக் கட்டுப்படுத்தி உள்ளே விடுகிறது. 0.33 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 24 மில்லிஆம்பியர் தரும். மெயின் லைனில் வரும் ஒவ்வொரு சர்ஜும் (திடீர் வோல்டேஜ் ஏற்றம்) அதன் உலோகப் படலத்தில் கொஞ்சம் எரித்துவிடும். அது 0.15க்குத் தேய்ந்தால் கிடைப்பது 11 மில்லிஆம்பியர்தான். 24 வோல்ட் ரிலே காயிலுக்கே கிட்டத்தட்ட 15 வேண்டும். அதனால்தான் ரிலே ஆஃபில் இருக்கும்வரை எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆன் ஆன கணமே வோல்டேஜ் சரியும்.

மாற்றும்போது அதே மதிப்பில், 275 அல்லது 310 வோல்ட் ஏசி எக்ஸ்2 வகையையே போடுங்கள். 400 வோல்ட் டிசி என்று அச்சடித்த சாதாரண கெபாசிட்டர் அதற்கு மாற்று ஆகாது, தீப்பிடிக்கும். இந்த வகை போர்டு முழுவதும் மெயின் லைனோடு நேரடித் தொடர்பில் இருப்பது. பிரேக்கரை அணைத்து, டெஸ்டரால் உறுதி செய்து, சில நிமிடம் விட்ட பிறகே கை வையுங்கள். இதில் பழக்கம் இல்லையென்றால் மாட்யூலையே மாற்றுவது உத்தமம்.

ஆப்பில் ஆஃப் என்று காட்டியும் விளக்கு எரிகிறதா? ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். எல்இடி டிரைவர்கள் ஆன் ஆகும் கணத்தில் இழுக்கும் கரன்ட் அப்படி. தட்டினால் விடும், மறுபடி ஒட்டும்.

ஆட்டோமேஷனில் செய்த மாற்றம் ரீஸ்டார்ட் ஆனதும் பழையபடி ஆகிவிட்டால், ஹப்பின் மெமரி கார்டு ஆயுள் முடிந்து, எழுதுவதை ஓசையில்லாமல் மறுக்கிறது என்று பொருள். ஹப்பில் ஓடும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருள் வழக்கமாக 10 நாள் வரலாற்றை மட்டுமே வைத்திருக்கும். அதை ஒரு வருடமாக நீட்டி வைத்தவர்களின் கார்டுகள் சீக்கிரம் தேய்ந்தால் ஆச்சரியமில்லை. எஸ்எஸ்டிக்கு மாறிவிடுங்கள்.

கருவிகள் சரி, சிக்னல்தான் விட்டு விட்டு வருகிறது என்றால் கடைசியாக வீட்டில் என்ன மாறியது என்று யோசியுங்கள். பெரும்பாலும் புது வைஃபை ரவுட்டராக இருக்கும். வைஃபையும், ஸ்மார்ட் கருவிகள் ஹப்போடு பேசும் ரேடியோ முறையான ஜிக்பீயும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் இடித்துக்கொள்பவை. ரவுட்டரில் 'ஆட்டோ'வை எடுத்துவிட்டு 1, 6, 11 சேனல்களில் ஒன்றில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நிறுத்துங்கள். ஜிக்பீ 15, 20, 25 சேனல்கள் அந்த மூன்றின் இடைவெளிகளில் விழுபவை. ஆனால் ஜிக்பீ சேனலை மாற்றினால் பேட்டரி சென்சார்கள் சில பின்தொடராமல் தொலைந்துபோகும். எனவே முதலில் ரவுட்டரின் சேனலை மாற்றுவதே புத்திசாலித்தனம். ஹப்புக்கு ஜிக்பீ வசதி தரும் யூஎஸ்பி குச்சியான டாங்கிளை யூஎஸ்பி 3 போர்ட்டில் நேராகச் செருகியிருந்தால், ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளிவையுங்கள். அந்த போர்ட்டின் இரைச்சல் சரியாக இதே அலைவரிசையில்தான் விழுகிறது.

டாங்கிளே போய்விட்டது என்றாலும் பேக்கப் இருந்தால் பல டாங்கிள்களில் பயமில்லை. நெட்வொர்க் கீ (ரகசியக் குறியீடு), பேன் ஐடி (நெட்வொர்க்கின் அடையாள எண்), சேனல், பழைய டாங்கிளின் முகவரி நான்கையும் புதியதில் ஏற்றினால் பெரும்பாலான கருவிகள் மாற்றத்தைக் கவனிக்கவே செய்யாது. பழையதை மட்டும் மறுபடி எங்கும் செருகிவிடாதீர்கள். ஒரே முகவரியில் இரண்டு டாங்கிள் பேசினால் நெட்வொர்க்கே குழம்பிவிடும்.