480 நூல் நுனிகள்

பன்னிரண்டாவது சதுரத்தை முடித்துவிட்டு எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். அம்மா எட்டிப் பார்த்து, "இது குழந்தைக்கா, இல்ல அது காலேஜ் போறப்ப கொடுக்கவா?" என்றாள்.

தங்கை குழந்தைக்குக் குரோஷா போர்வை, கொக்கி ஊசியால் சதுரம் சதுரமாகப் பின்னி இணைப்பது. 32க்கு 40 அங்குலம். 4 அங்குலச் சதுரம் என்றால் 80 வேண்டும். சரி, போட்டுவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன்.

அப்புறம் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன்.

மூன்று நிறம். ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்தில் ஒரு நுனி, முடிவில் ஒரு நுனி. பூனை மீசை மாதிரி ஆறு நூல் தொங்குகிறது. 80 சதுரத்துக்கு 480! அத்தனையையும் ஊசியில் கோத்து உள்ளே மறைக்க வேண்டும்.

8 அங்குலமாகப் போட்டால் 20 சதுரம், 120 நுனி. இணைக்கும் தையலும் 568 அங்குலத்திலிருந்து 248 ஆகிவிடும். நூல் செலவு மட்டும் ஏறக்குறைய அதேதான், பரப்பு மாறவில்லையே.

சின்னது கைப்பைக்குள் அடங்கும், பஸ்ஸில் உட்கார்ந்து போடலாம். அந்த ஆசையில்தான் விழுந்தேன். எந்த வேலையை எடுத்தாலும் அதன் அழகான பாதியை மட்டும் எண்ணுகிற புத்தி எனக்கு.

முடித்த 12ஐப் பிரிக்க மனசில்லை. நான்கு நான்காகச் சேர்த்தேன். மூன்று பெரிய சதுரம் ஆயிற்று.

மீதி 17.