விண்வெளி நிலையத்தோடு பேச வரிசையில் நின்ற அனுபவம்

சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு ஹாம் ரேடியோ இருக்கிறது. உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பேசுபவர்களின் வானொலி அது; அவர்களைத்தான் ஹாம்கள் என்பார்கள். 1983-இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஓவன் கேரியட் விண்கலத்தில் இருந்தபடி தரையில் உள்ள ஹாம்களோடு பேசி இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தார். இன்றும் அங்கே தங்கியிருப்பவர்கள் வேலை முடிந்து, மனமும் இருந்தால், மைக்கை எடுப்பார்கள். அது அவர்களுடைய ஓய்வு நேரம். கட்டாயம் எதுவும் கிடையாது. திருவான்மியூர் மொட்டை மாடியில் நின்று அவர்களோடு பேச முடியுமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். முடியும். எனக்கு எப்படி அமைந்தது என்று சொல்கிறேன்.

உரிமம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு வழங்குகிறது. ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற தொடக்க நிலைத் தேர்வுக்கு மோர்ஸ் (புள்ளி-கோடு சங்கேத முறை) வேண்டாம். அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் போதும். தேர்வைவிட, அதற்குப் பிறகு உரிமம் கைக்கு வரும்வரை காத்திருப்பதுதான் பெரிய பாடு. வந்ததும் ‘வி.யு.3’ என்று தொடங்கும் அழைப்புக்குறி, அதாவது வானொலியில் நம் பெயர், கிடைக்கும்.

என்னிடம் இருப்பது 5 வாட் ஹேண்டிதான், கையில் பிடித்துப் பேசும் சின்ன ரேடியோ. ஆன்டெனாவை நானே செய்தேன். பிவிசி குழாயில் இன்ச் டேப்பின் இரும்புப் பட்டையை வெட்டி மாட்டினால் மூன்று எலிமென்ட் யாகி (ஒரு திசையை நோக்கிப் பிடிக்கும் ஆன்டெனா) தயார். கேபிளும் கனெக்டரும் ரிச்சி தெருவில் வாங்கினேன். பட்டையின் மேல் உள்ள மஞ்சள் பெயின்ட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தெடுத்த பிறகுதான் ஈயம் ஒட்டும். அந்த ஒரு இடத்தில் அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தால் மற்றது சுலபம்.

நிலையத்தின் குரல் 145.800 மெகாஹெர்ட்ஸில் வரும். நம் வட்டாரத்திலிருந்து பேச வேண்டியது 144.490-இல். இதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் நிலையத்துக்குச் சுற்றிலும் 2,000 கிலோமீட்டருக்கு மேல் கேட்கும். அது சென்னைக்கு மேலே வரும்போது டெல்லி, மும்பை, கொழும்பு, டாக்கா எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடலாம். மேலே இருப்பவர் காதில் அத்தனை பேரும் விழுகிறோம். கீழே இருக்கும் நமக்கோ அவர் குரல் மட்டும்தான் கேட்கிறது. நமக்குப் போட்டியாக யார் கத்துகிறார் என்பதே தெரியாது. எஃப்.எம். முறையில் பலமான சிக்னல் பலவீனமானதை அமுக்கிவிடும். இரண்டும் சமபலமானால் இரண்டுமே புரியாத இரைச்சலாகிவிடும். நாகரிகம் என்பது இங்கே அழகுக்கு வைத்திருக்கும் விஷயம் இல்லை. அது இல்லாவிட்டால் யாருக்கும் வேலை நடக்காது.

நங்கநல்லூரில் இருக்கும் மூத்த ஹாம் ஒருவர்தான் எனக்கு ஆசான். “முதல்ல காதைக் குடும்மா, அப்புறம் வாயைத் திற” என்பார். அவர் சொல்லித் தந்தது: விண்வெளி வீரரின் குரல் கேட்காமல் பட்டனைத் தொடாதே. அவர் முடித்த பின் அழைப்புக்குறியை ஒரே ஒரு தடவை சொல். வேறொருவரின் எழுத்துகளை அவர் படித்தால் வாயை மூடு, அந்தப் பேச்சு முடியட்டும். பேசிவிட்டால் அந்தப் பாஸில், அதாவது நிலையம் நம் வானத்தைக் கடக்கும் அந்த ஒரு தடவையில், மறுபடி கூப்பிடாதே.

மாணவர்கள் பேசும் நேரத்தில் மைக் பக்கமே போகக்கூடாது. 2025 ஜூலை 4-இல், நிலையத்தில் இருந்த இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா பெங்களூரு யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்தில் கூடிய மாணவர்களோடு ஹாம் ரேடியோவில் பேசினார். இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்குப் பல மாதம் தயாராகியிருப்பார்கள்; கிடைப்பது சுமார் பத்து நிமிடம். அதில் ஒரு குழந்தையின் கேள்வியை நம்மில் யாரோ ஒருவருடைய 50 வாட் அமுக்கினால் மன்னிப்பே கிடையாது என்பேன்.

பெரிய கருவி வைத்திருப்பவர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை. ஏற்கெனவே பேசி, அதற்குச் சான்றான க்யூ.எஸ்.எல். அட்டையும் வாங்கிவிட்டு, ஒவ்வொரு பாஸிலும் முந்திக்கொள்பவர்களைக் கண்டால்தான் வருத்தம். அவர்கள் எடுத்துக்கொள்ளும் இருபது வினாடி, முதல் தடவை முயலும் ஒருவருடையது.

நிலையத்தின் கடிகாரம் யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அவர்களுடைய சாயங்காலம் நமக்கு நள்ளிரவு. வார இறுதியில் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். நான் பேசியதும் ஒரு சனிக்கிழமை இரவுதான். நிலையம் வடமேற்கில் எழுந்து தென்கிழக்கே இறங்கும் பாஸ் அது. முதல் பாதியில் வட இந்தியா முழுவதும் மேலே இருப்பவர் காதில் இருக்கும். 5 வாட்டுக்கு அங்கே இடமில்லை. ஆனால் நமக்குக் கிழக்கே வங்காள விரிகுடா. நிலையம் கடலுக்கு மேல் போகப்போக வடக்கே இருப்பவர்கள் ஒவ்வொருவராக அடிவானத்துக்குக் கீழே போய்விடுவார்கள். சுமத்ரா, தாய்லாந்து பக்கத்தினர் அப்போதுதான் வரத் தொடங்குவார்கள். அந்த இடைவெளிக்காகக் காத்திருந்தேன். குரல் மங்கியபோதெல்லாம் மணிக்கட்டைத் திருப்பி ஆன்டெனாவைச் சாய்த்தேன், உடனே தெளிந்தது.

அவர் ஒரு பேச்சை முடித்து மூச்சு விட்ட நேரத்தில் என் அழைப்புக்குறியைச் சொன்னேன். “விக்டர் யூனிஃபார்ம் ஸ்டேஷன், அகெய்ன்” என்றார். விக்டர் யூனிஃபார்ம் என்றால் வி.யு. இந்திய ஹாம்களின் அழைப்புக்குறிகள் பெரும்பாலும் ‘வி.யு.’ என்றுதான் தொடங்கும். பலரும் சேர்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். மறுபடி அவர், “கிலோவில் முடிகிறவர் மட்டும்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். கிலோ என்றால் ‘கே’, என் கடைசி எழுத்து அதுதான். அமைதியாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். முழுக் குறியையும் திருப்பிப் படித்து “ஃபைவ் நைன்” என்றார், சிக்னல் தெளிவாகவும் பலமாகவும் இருக்கிறது என்று பொருள். நானும் ஃபைவ் நைன் கொடுத்து, பெயரும் சென்னை என்றும் சொல்லி, 73 (வாழ்த்துகள்) சொல்லி முடித்தேன். அந்த நேரம் மற்ற ‘வி.யு.’க்காரர்கள் எல்லாரும் வாய் மூடி இருந்திருக்கிறார்கள். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

பாஸ் முடிய இன்னும் நேரம் இருந்தது. ஹேண்டியைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுக் கேட்டேன். ‘ஃபோர் சியரா செவன்’ என்று இலங்கைக்காரர் ஒருவருக்குப் பதில் சொன்னார். யு.டி.சி. நேரம், அலைவரிசை, ரிப்போர்ட் மூன்றையும் லாக் புத்தகத்தில் எழுதினேன், க்யூ.எஸ்.எல். அட்டைக்கு அவை வேண்டும்.

புதிதாக வருபவர்கள் முதலில் சில வாரம் 145.800-ஐக் கேட்டு மட்டும் பழகுங்கள். ஆன்டெனா செய்ய உதவி வேண்டுமென்றால் திருவான்மியூருக்கு வாருங்கள். குழாயும் இன்ச் டேப்பும் என்னிடம் மிச்சம் இருக்கின்றன.